பதினாறு நாள் லீவு

முனீஸுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான்.

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அனுசுயாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்து, திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருவரும் வேறு வேறு சாதி. அனுசுயாவின் அப்பா பெருமாள்சாமி மகளைத் தலைமுழுகிவிட்டார். அவளோ தாயில்லாப் பிள்ளை. அவரே சோறூட்டி, அவரே சடை பின்னிவிட்டு வளர்த்த மகள். குடியிருந்த லைன் வீட்டுக்காரம்மா மயிலாளின் போன் நம்பரை எழுதி அவருக்கு மூன்று கடிதம் போட்டிருந்தாள். பதில் இல்லை. "பேரன் பொறந்தா எங்கய்யா வந்துருவாக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

2005 ஐப்பசியில் பேரன் பிறந்தான். அய்யாவுக்கு நான்காவது கடிதம் போனது. ஆபரேஷன். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவளால் குனிய முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை. பேறுகாலம் பார்க்கத் தாய்வீடு என்று ஒன்று இல்லாத பெண்ணுக்கு யார் செய்வார்கள்? புருஷன்தான் செய்ய வேண்டும். முனீஸ் சூப்பர்வைசர் கந்தவேலிடம் போய்ப் பத்து நாள் லீவு கேட்டான்.

"ஏப்பா, புள்ள பெத்தது உம்பட சம்சாரம். உனக்கெதுக்கு லீவு?" என்றார் கந்தவேல். பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்கள். "சாவு கீவுன்னா ஆரும் மறிக்க மாட்டாங்க சாமி. இதுக்கெல்லாம் லீவு கிடையாது. ஷிப்மென்ட் நிக்குது பாரு."

முனீஸ் வெளியே வந்து ஒரு டீ குடித்தான். சாவுதான் வேண்டுமென்றால் யாரைச் சாகடிப்பது? அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா போனதற்குப் போன வருஷமே லீவு எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பவர் ஒருவர். நம்மைத் தலைமுழுகிய மனிதர்தானே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தான், பாவி.

"மாமனார் தவறிட்டாரு சார்."

கந்தவேலின் முகம் அப்படியே மாறிவிட்டது. தோளைத் தொட்டார். "போ சாமி. பதினாறு நாளும் இருந்து காரியத்த முடிச்சுட்டு வா. மருமகன் இல்லாம எப்படி ஆகும்?"

வீட்டில் அவன் சொன்னது வேறு. குழந்தைக்காகக் கம்பெனியே லீவு கொடுத்துவிட்டது என்றான். அனுசுயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மயிலாளிடம் நான்கு தடவை சொன்னாள்.

முனீஸ் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டான். பனியன் வேஸ்ட் துணியை அடியில் விரித்தான், நனைந்ததைத் துவைத்துக் கொடியில் போட்டான். ரசம் வைத்தான், அதைக் குடித்துவிட்டு அனுசுயா சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

லீவின் பன்னிரண்டாம் நாள் காலை மயிலாள் வாசலில் வந்து நின்றாள். "அனுசுயா கண்ணு, உங்கப்பா போன்ல கூப்புடறாருங்க. மெல்லமா வா, ஓடியாராத."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"அய்யா!"

"உங்க அய்யாதான் பேசுறேன். செத்துப்போனவன்."

முனீஸின் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் கருத்தம்மா அவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரி. தாமதமாகத் துக்கம் கேள்விப்பட்டுத் தன் ஊருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவள் அண்ணனும் இன்னும் மூன்று பேரும் மாலை வாங்கிக்கொண்டு பெருமாள்சாமி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவரோ திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க, பேரனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சவரம் செய்த முகத்தோடு வாசலில் நின்றிருக்கிறார்.

"உம் புருசன் கம்பெனியில சொன்னானாமே. நீயும் சேந்துதான சொல்லியிருப்ப?"

"அய்யா, எனக்குத் தெரியாதுய்யா, சத்தியமா..."

"செத்தவன் பஸ் ஏறி வரக் கூடாது தாயி." போனை வைத்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது முனீஸ் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். "என்ன சொல்லி லீவு வாங்குனீக?" என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தையல் இழுக்க இழுக்கக் குனிந்து, பிள்ளையை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே முனீஸ் ஊருக்குப் போனான். பெருமாள்சாமியின் வாசலில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றான். அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார், வந்தார், அங்கே ஒரு ஆள் நிற்பதையே காணாதவர் மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதன் பிறகு அனுசுயா எழுதிய கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. லீவு முடிந்து முனீஸ் வேலைக்குப் போனான்; மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் காரியம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும்படி ஆயிற்று.

நான்கு வருஷம் கழித்துப் பெருமாள்சாமி மெய்யாகவே செத்துப்போனார். கருத்தம்மாதான் வந்து சொன்னாள். அனுசுயா பையனுக்குச் சட்டை மாட்டினாள், பையை எடுத்தாள். முனீஸ் செருப்பைத் தேடினான்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள். "எங்கய்யாவுக்கு நீங்க செய்ய வேண்டியத அப்பவே செஞ்சு முடிச்சுட்டீக."

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு முனீஸ் கம்பெனிக்குப் போனான். அன்று அவன் லீவு கேட்கவில்லை.