சசதர் நந்தி பேரிங் மாட்டாத ஒரே ஃபேன்

பௌபஜாரில் படத்துக்குச் சட்டம் போடும் என் கடைக்கும் சசதர் நந்தியின் ஃபேன் பட்டறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால் என் சுவரில் காளி படம் ஆடும். முப்பது வருஷமாக அந்த ஆளின் தும்மலையும் உப்புத்தாள் தேய்க்கும் சத்தத்தையும் சகித்திருக்கிறேன். அவரைப் பற்றிப் பேச எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

ஊரில் டிசி கரண்டை நிறுத்தி ஏசிக்கு மாற்றியபோது, ஜனங்கள் ஓடாமல்போன பழைய ஃபேன்களை எடைக்குப் போட்டார்கள். சசதர் அவற்றை வாங்கிவந்து காயில் சுற்றி, பித்தளையைத் துலக்கி, இறக்கைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து ஓட வைத்தார். இன்றைக்கு ஓட்டல்காரர்களும் சினிமாக்காரர்களும் அவர் வாசலில் காத்து நிற்கிறார்கள். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. கல்யாணமும் கிடையாது.

அந்தக் காலத்துக் கூரை ஃபேன்களின் வயிற்றில் ஓர் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். தண்டு அதில் நனைந்தபடி சுற்றும். வருஷம் ஒருமுறை பழைய எண்ணெயை வடித்துப் புதிது விட வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, தன் கைக்கு வரும் ஃபேன்களுக்கெல்லாம் சசதர் லேத்தில் கடைசல் பிடித்து, மூடி போட்ட பேரிங் மாட்டிவிடுவார். அப்புறம் இருபது வருஷத்துக்கு யாரும் தொட வேண்டியதில்லை. ஜாமாபுகூர் சந்தில் இருந்த ஹைமந்தி லாஹிரி வீட்டு ஃபேனுக்கு மட்டும் அவர் மாட்டவில்லை.

ஹைமந்தி பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்டார். தெருவே அவரை ‘திதிமணி’ என்றுதான் கூப்பிடும். சசதரும் அப்படித்தான் கூப்பிட்டார். வாய் நிறைய அக்கா முறை சொல்லிக்கொண்டே அந்த மனுஷன் முப்பத்தோரு வருஷம் உள்ளுக்குள் உருகினார்.

குளிர்காலம் முழுக்கப் பழைய புடவையில் சுற்றிக் கிடக்கும் ஃபேனை, எங்கள் ஊரில் குளிர் விடும்போது வரும் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் திதிமணி அவிழ்ப்பார். அன்றைக்கு சசதர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட ஜிப்பாவில் கிளம்புவார். ஒரு மணி நேர வேலை. திரும்பி வர நாலு மணி நேரமாகும். பூஜையன்று மிஞ்சிய கிச்சடியும், அந்த வருஷத்து முதல் இலந்தைப் பழமும் சாப்பிட்டுவிட்டு வருவார்.

அண்ணன் முறையில் அவரை ‘தாதா’ என்று கூப்பிடுகிற நான் சும்மா இருப்பேனா?

"தாதா, எண்ணெய் விடப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"கண்ணாடியைப் பாத்து அறுடா, நிதாய். விரல் போயிடப்போவுது."

"ஒரு பேரிங்கை மாட்டினா வேலை ஒரேடியா முடிஞ்சுதே."

"அந்த ஃபேனுக்கு அது ஒத்துவராது."

ஒத்துவராதாம். அதே ஜாதி ஃபேன் பதினாலுக்கு மாட்டியவர் பேசுகிற பேச்சு.

ஒரு வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை. திதிமணி சித்திரை வரை பார்த்துவிட்டு, வெக்கை தாங்காமல் தானே ஸ்டூலில் ஏறிக் கிண்ணம் நிறையக் கடுகெண்ணெயை ஊற்றிவிட்டார். எங்கள் ஜனங்களுக்குக் குழந்தையின் நெஞ்சுச் சளிக்கும் கடுகெண்ணெய், கிறீச்சிடும் கதவுக்கும் கடுகெண்ணெய். ஃபேன் மட்டும் என்ன பாவம் செய்தது? இரண்டு வாரத்தில் எண்ணெய் பிசினாக இறுகி ஃபேன் நின்றுவிட்டது. வீடு முழுக்க இலிஷ் மீன் பொரித்த வாசனை. காமாலை தேறி எழுந்த சசதர் அங்கேயே நாலு நாள் உட்கார்ந்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். அந்த நாலு நாளை நினைத்து நினைத்து அவர் பல வருஷம் ஓட்டினார்.

போன துர்கா பூஜை முடிந்ததும் பங்காளிகள் சேர்ந்து அந்த வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டார்கள். திதிமணி ஜாம்ஷெட்பூரில் தம்பி மகன் வீட்டுக்குப் போவதாக முடிவாயிற்று. ஃபேனையும் கொண்டுபோக வேண்டும், சரிபார்த்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சசதர் அதைக் கழற்றிவந்து மேஜையில் வைத்து, இரண்டு நாள் அதன் பித்தளையையே துலக்கிக்கொண்டிருந்தார்.

"போய்ச் சொல்லித் தொலைங்களேன், தாதா. அறுபது தாண்டியாச்சு. இனிமே எவன் என்ன பேசப்போறான்?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? பட்டறைக்குப் பின்னாடி இருக்கிற ஒத்தை ரூமுக்கு வந்துடுங்கன்னா?"

"ஆமா. அப்படித்தான்."

அவர் கிண்ணத்தைத் துணியால் துடைத்தார். பிறகு சொன்னார்: "அங்கே எண்ணெய் விட ஆள் கிடையாது. மறுபடியும் அவங்களே ஸ்டூல்ல ஏறுவாங்க. முட்டி வலி வேற."

அன்று மத்தியானமே ஃபேனை லேத்துக்குக் கொண்டுபோனார். அவர் பேரிங்கை வைத்து மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டி இறக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. திதிமணியைப் போய்ப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே காரணத்தை அவரே தன் கையால் தீர்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேனைத் திருப்பிக் கொண்டுபோனபோது ஒரு கை பிடிக்க நானும் போனேன். கூடம் முழுக்க மூட்டைகள். திதிமணி குனிந்து ஃபேனைப் பார்த்தார்.

"கிண்ணம் எங்க, சசதர்பாபு?"

"எடுத்துட்டேன், திதிமணி. இனிமே எண்ணெயே வேண்டாம். இருபது வருஷம் அது பாட்டுக்கு ஓடும்."

"இதை முன்னாடியே பண்ணியிருக்க முடியாதா?"

சசதர் தரையைப் பார்த்தார். "முடிஞ்சிருக்கும்."

"எப்பலேர்ந்து?"

"மொத வருஷத்துலேர்ந்து."

திதிமணி திரும்பிப் போய் ஒரு புத்தகக் கட்டைக் கட்ட ஆரம்பித்தார். முடிச்சு விழவே இல்லை. நாங்கள் சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டோம். வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் ஜாம்ஷெட்பூரிலிருந்து போன் வந்தது. சசதருக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஃபேனைப் போட்டுப் பாத்தேன், சசதர்பாபு."

"ஆடுதா?"

"இல்லை."

"சத்தம் ஏதாவது வருதா?"

"இல்லை."

"கொஞ்ச நேரம் ஓடினப்புறம் சூடாகுதா?"

"ஒரு குறையும் இல்லை."

"அப்ப சரி, திதிமணி."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கண்ணாடி அறுப்பதை நிறுத்தியிருந்தேன். பிறகு திதிமணி கேட்டார்.

"ஏன் இவ்வளவு நல்லா பண்ணிக் கொடுத்தீங்க?"

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன்; சசதர் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.