நிழல் வெட்டப்பட்ட சாலையில் கல்வராயன் மலைக்கு

மே மாதத்தில் மோட்டார்சைக்கிளில் கல்வராயன் மலைக்குப் போகலாமா என்று மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். போகலாம். எப்படிப் போகக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதையே முதலில் எழுதிவிடுகிறேன். இது பழைய பயணம். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல்கள் நடந்த ஆண்டுகளில், பெரிய மறியலுக்கு அடுத்த கோடையில் போனது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. திருநாவலூரில் வாடகை வீடு, பக்கத்து ஊர்ப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் வேலை, திருமணமாகி பதினான்கு மாதம். நேரமும் தூரமும் அன்று என் டைரியில் எழுதியவை.

போனதற்கு இரண்டு காரணங்கள். என் மனைவி தனத்தின் பள்ளித் தோழி ஜெயா வெள்ளிமலையில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள்; அவளைப் பார்க்க வேண்டும் என்று தனத்துக்கு ஆசை. எனக்கு வேறொரு அரிப்பு. கீழே கள்ளக்குறிச்சி கொதிக்கும்போது மேலே எத்தனை டிகிரி குறையும் என்று அளந்து பார்க்க வேண்டும். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியைத் தலைமையாசிரியரிடம் சொல்லி எடுத்துவந்து, பஞ்சில் சுற்றி, பேனா டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஆனால் எலவனாசூர்கோட்டைப் பக்கம் மறுபடி மறியல் என்று முந்தின நாளே பேச்சு. எதிர்த்திசையிலிருந்து ஒரு பஸ்ஸாவது வரட்டும் என்று காத்திருந்தோம். எட்டே முக்காலுக்குத்தான் கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. டிரைவரிடம் ரோடு எப்படி என்று கேட்டேன்.

“போவலாம் சார். ரோடு திறந்துதான் கீது. நெழலுதான் கம்மி” என்றார்.

அதை ஒரு தகவலாக நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. மறியலின்போது சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டது ஊரறிந்த விஷயம். கோரிக்கையின் நியாயம், அதில் போன உயிர்கள் பற்றியெல்லாம் எழுத இது இடமில்லை; இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்தார்கள். ஆனால் மரம் போன சாலையில் வெயில் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

ஒன்பதேகாலுக்குப் புறப்பட்டோம். என் வண்டி செகண்ட்ஹேண்டாக வாங்கிய டூ-ஸ்ட்ரோக். டேங்கில் ஐந்து லிட்டர், ஆயிலோடு சேர்த்து ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஹெல்மெட் இல்லை, அன்று எங்கள் பக்கம் அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. நான் அரைக்கை சட்டை. காற்று உடம்பில் பட்டால் குளிர்ச்சி என்பது என் கணக்கு. தனம் நைலான் ரகத்துப் புது நைலெக்ஸ் புடவை கட்டியிருந்தாள். ஜெயா வீட்டுக்குப் போகிறோம், நன்றாக இருக்கட்டும் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதன் மேல் என் பழைய முழுக்கை வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் புடவை மேல் ஆண் சட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி.

உளுந்தூர்பேட்டையில் டிபன் சாப்பிட நிறுத்தப் போனபோது ஓட்டல் வாசலில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு வாத்தியார்கள் நின்றிருந்தார்கள். ஓட்டலுக்குச் சற்று முன்பே ஓரங்கட்டி, சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிடு என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். தனம் கழற்றி, மடித்து, பையில் வைத்தாள்.

வாத்தியார்களோடு பேசிவிட்டுப் புறப்படும்போது பத்தரை. எலவனாசூர்கோட்டை வரை அங்கங்கே மரம் இருந்தது. அதற்கு அப்பால் சாலையின் இரு ஓரமும் வெறும் அடிமரங்கள். சில துளிர் விட்டிருந்தன. அந்த இலைகள் முழங்கால் உயரத்துக்குத்தான் நிழல் தந்தன. பதினொன்றரைக்கு வண்டியை நிறுத்தி, குமிழில் வெயில் படாமல் நோட்டுப்புத்தகத்தால் மறைத்து அளந்தேன். நாற்பத்தொன்று. பிறகு கைக்குட்டையின் முனையை நனைத்துக் குமிழில் சுற்றி, காற்றில் பிடித்தேன். பாதரசம் இறங்கிக்கொண்டே போய் இருபத்தேழில் நின்றது. வகுப்பில் பலமுறை சொல்லிக் கொடுத்த பாடம்தான். ஆனால் கொதிக்கிற ரோட்டில் பதினான்கு டிகிரி இறங்குவதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தனத்துக்கும் காட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். “அப்போ அந்தச் சட்டைய நனைச்சுப் போட்டுக்கட்டுமாங்க?” என்று கேட்டாள்.

“கள்ளக்குறிச்சி தாண்டட்டும், போட்டுக்கலாம்” என்றேன். கள்ளக்குறிச்சியில் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள் என்று எனக்குக் கூச்சம்.

தியாகதுருகத்தில் வண்டி இழுக்கவில்லை. பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டி மாட்ட முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. டீக்கடைப் பானையிலிருந்து நான் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தேன். தனம் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கிளம்பினோம்.

அதற்கப்புறம் நான்தான் பேசிக்கொண்டே போனேன். எத்தனை டிகிரி, ஏன் குறைந்தது, மலையில் எவ்வளவு இருக்கும் என்று தோளுக்குப் பின்னால் கத்திக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து பதிலே இல்லை. சட்டை விஷயத்தில் கோபம், கள்ளக்குறிச்சி வந்தால் சரியாகிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து கிலோமீட்டர் போயிருப்போம். என் தோளைப் பிடித்திருந்த கை வழுக்கி இடுப்புக்கு இறங்கியது. அவள் நெற்றி என் முதுகில் இடித்தது. வேகத்தைக் குறைத்து ஒரு காலை ஊன்றுவதற்குள் அவள் பக்கவாட்டில் சரிந்துவிட்டாள். வண்டியை விட்டுவிட்டு அவளைப் பிடித்தேன். இருவரும் மண்ணில் விழுந்தோம்.

அங்கே ஆறு பெண்கள் விறகுக்காக அடிமரங்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு கம்பு நட்டு, மேலே பழைய புடவையைக் கட்டி, தங்களுக்கென்று நிழல் செய்து வைத்திருந்தார்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு முதலில் ஓடி வந்தவள் அஞ்சலை. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தனத்தின் கழுத்தில் கை வைத்தாள்.

“ஒடம்பு நெருப்பா கீது. ஒரு சொட்டு வேர்வ இல்ல” என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

நாலு பேராகத் தூக்கி அந்தப் புடவை நிழலில் படுக்க வைத்தார்கள். குடத்தில் மிச்சமிருந்த குடிதண்ணீர் முழுவதையும் அஞ்சலை தனத்தின் தலையிலும் கழுத்திலும் ஊற்றினாள். என்னிடம் காலிக் குடத்தைக் கொடுத்து, கரும்புக் கொல்லைக்கு அந்தாண்டை பம்புசெட்டுத் தொட்டி இருக்கிறது, ஓடு என்றாள். முந்நூறு மீட்டர் இருக்கும். கரண்ட் இல்லை, ஆனால் தொட்டியில் தண்ணீர் இருந்தது. இரண்டு முறை ஓடினேன். இரண்டாம் முறை திரும்பும்போது அவர்கள் அந்த நைலெக்ஸ் புடவையை அவிழ்த்து ஓரமாக எறிந்திருந்தார்கள். பையிலிருந்த என் முழுக்கைச் சட்டையை நனைத்து அவளுக்குப் போட்டு, மேலே ஈரத் துண்டைப் போர்த்தி, இரண்டு பேர் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். அஞ்சலை கையைத் தட்டிவிட்டாள். முழிப்பு வராமல் ஊற்றினால் புரையேறிவிடும் என்றாள்.

இருபது நிமிடம் கழித்து தனம் கண்ணைத் திறந்தாள். யாரையும் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. என்னைப் பார்த்து, ஜெயா வீடு வந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் தெளிந்த பிறகு உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழைத் தண்ணீராகக் கரைத்து, வாய் வாயாகக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றாள் அஞ்சலை. பஸ் வருவது தெரிந்ததும் கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூன்று பெண்களோடு நடு ரோட்டில் போய் நின்றாள். பஸ் வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் எடுக்கவும் பார்த்தது. கையில் மண்வெட்டியோடு சாலையை மறித்து நிற்கும் கூட்டத்தை அந்த வருடத்தில் எந்த டிரைவரும் வேறு மாதிரி நினைத்திருக்க முடியாது. அஞ்சலை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடினாள்.

“மறியல் இல்லபா. ஒரு பொம்பளைக்கு ஒடம்பு சரியில்ல, வந்து ஏத்திக்கினு போ” என்று அவள் சொன்னது எனக்கு இங்கே கேட்டது.

அவளே பஸ்ஸில் கூட வந்தாள். நான் வண்டியில் பின்னால் போனேன். அந்த எட்டு கிலோமீட்டர் எப்படி ஓட்டினேன் என்று டைரியில் ஒன்றும் எழுதவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் இரண்டு பாட்டில் டிரிப் ஏற்றினார். அந்த நிழலும் தண்ணீரும் கிடைக்காமல் இருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று மட்டும் சொன்னார். வெளியே பெஞ்சில் அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளும் புடவை மேல் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாள், மணிக்கட்டு வரை பட்டன் மாட்டி. இந்த வெயிலில் இது புழுங்காதா என்று கேட்டேன். அந்த நிலையிலும் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“வெயிலு தோல்ல பட்டாதான் சார் எரியும். துணி மேல பட்டா இன்னா பண்ணும்? வேர்வையில நனைஞ்சி கெடக்கும், காத்து வரச்சொல்ல ஜில்லுனு இருக்கும்” என்றாள். அப்புறம், “நீங்க ஏன் தங்கச்சிக்குப் போட வுடல?” என்று கேட்டாள்.

பையில் சட்டை இருந்தது அவளுக்குத் தெரியும், அவள்தானே அதை எடுத்தாள். மூன்று மணி பஸ்ஸில் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் லாட்ஜ் அறையில் தனத்திடம் மன்னிப்புக் கேட்டேன். கோபத்தில் பேசாமல் வருகிறாய் என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

“கோவம் எலவனாசூர்லயே போயிடுச்சி. அப்புறம் பேசணும்னுதான் பாத்தேன். வாய் வரல. நீங்க சொல்றது எல்லாம் எங்கியோ கெணத்துக்குள்ளேர்ந்து கேட்ட மாதிரி இருந்தது” என்றாள். தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னாள். வழியில் மரமும் இல்லை, மறைவும் இல்லை. பெண்கள் எங்கே ஒதுங்குவது? அதனால் காலையிலிருந்தே ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நான் வழிநெடுக நின்று வெப்பத்தை அளந்தவன். இதைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றேன். அவள்தான் மறுத்தாள். ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்து, அதற்கடுத்த நாள் விடியற்காலை நாலே ஐம்பதுக்கு மலைக்குக் கிளம்பினோம். இருவரும் பருத்தி முழுக்கைச் சட்டை. கச்சிராயபாளையம் என் மீட்டரில் பதினைந்து கிலோமீட்டர். கரும்பு வயலுக்கு நடுவே குளிரத்தான் செய்தது. டீ குடித்து, தனம் பின்பக்கம் போய்வர இடம் கேட்டுவிட்டு, கோமுகி அணைக்குப் போகும்போது மணி ஆறு. இருபத்தாறு டிகிரி. அணையில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. அங்கே துண்டுகளை நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டோம். அரைமணிக்கு ஒருமுறை நின்று நின்று மலை ஏறினோம். வெள்ளிமலைக்கு எட்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். ஜெயா நடந்ததைக் கேட்டதும் முதலில் தனத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டாள். மதியம் சாமைச் சோறு.

அளந்ததைச் சொல்லிவிடுகிறேன். நண்பகலில் வெள்ளிமலை நிழலில் முப்பத்து மூன்று. கீழே நாற்பதைத் தொட்டிருக்கும். ஆனால் மலை ஏமாற்றும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் தெரியாது. அரைமணி நேரம் சட்டைக் கையை மடித்துவிட்டு நடந்ததில் என் முன்னங்கை சிவந்து, நான்காம் நாள் தோல் உரிந்தது. நனைத்த சட்டை ஓடும் வண்டியில் இருபத்தைந்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது, கனமான துண்டு நாற்பது நிமிடம் தாங்குகிறது. இன்னொன்று: சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்த பிறகு ஈரக் கைக்குட்டையைச் சுற்றி அளந்தேன். இரண்டரை டிகிரிதான் இறங்கியது. காற்றிலேயே ஈரம் இருந்தால் ஈரத் துணி உதவாது. கடலூர், பாண்டிச்சேரிப் பக்கம் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

திரும்பும்போது அஞ்சலையின் கூட்டம் ஒரு கிலோமீட்டர் தள்ளித் தோண்டிக்கொண்டிருந்தது. ஜெயா கொடுத்த மலைத்தேனை தனம் அவளிடம் கொடுத்தாள். இருவரும் புடவை நிழலில் உட்கார்ந்து வெகு நேரம் பேசினார்கள். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அது நான்குவழிச் சாலை. புளியமரம் அன்று மிச்சமிருந்ததும் போய்விட்டது. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் வழியில் நிற்க நிழல் கிடையாது. ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் மலை ஏறிவிடுங்கள். இருவருக்கும் ஹெல்மெட், ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை. காற்றுப் புகும் வலை ஜாக்கெட் கிடைத்தால் அதற்குள் நனைத்த பனியன். அன்று நாங்கள் நாற்பது வேகத்தில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது. கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க்குகளையும் ஓட்டல்களையும் முந்தின நாளே பார்த்து வைத்து, பின்னால் உட்காருபவரிடம் அந்த இடங்களைச் சொல்லிவிடுங்கள்; அப்போதுதான் அவர் தண்ணீர் குடிப்பார்.

ஓட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னாலிருப்பவரிடம் ஏதாவது கேளுங்கள். ‘ம்’ என்று முடிந்துவிடாத கேள்வியாக இருக்கட்டும். பதில் குழறினாலோ, வராவிட்டாலோ, கோபமா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த ஊர் வரட்டும், நிழல் வரட்டும் என்று ஓட்டாதீர்கள். அங்கேயே ஓரமாக நிறுத்தி, இறங்கி, திரும்பி அவர் முகத்தைப் பாருங்கள்.