எட்டாயிரத்தார் வைக்கும் மஞ்சள் புள்ளி

மூணாவது போல்ட்டில் ஸ்பானரை மாட்டிக்கொண்டு "மூணு" என்கிறார் எட்டாயிரத்தார்.

கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சின்ன ஜன்னல் வழியாக, வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவி "மூணு" என்கிறாள். அதற்கப்புறம்தான் கை ஸ்பானரை அழுத்தும். முடுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் அந்த நீள ஸ்பானர் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். "நாலு." "நாலு." பதில் தாமதமானால் முடுக்கியதையெல்லாம் கழற்றி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். ஒருநாள் ஏழாவதில் அவளுக்குத் தும்மல் வந்து தொலைத்தது. அன்றைக்கு மதியச் சாப்பாடு நாலரை மணிக்கு.

எட்டும் முடிந்தால் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி. புள்ளி வைத்தபின் அதை யாரும் திறக்கக் கூடாது, அவரும் சேர்த்துத்தான்.

பந்தயக் கார்க்காரர்கள் அவரை எட்டாயிரத்தார் என்பார்கள். வீட்டைச் சாய்த்தாலும் அவ்வளவு தேறாது. அது பண விஷயமே இல்லை. அவர் கைபட்ட எஞ்சின் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றினாலும் சிதறாது. அதிலும் கீழ்ப்பாதி மட்டும்தான் அவர் வேலை. சுழலும் தண்டான கிராங்க், அதைத் தாங்கும் பேரிங், பிஸ்டனை இழுத்துப் பிடிக்கும் நாலு ராடு, ராடுக்கு இரண்டாக எட்டு போல்ட். எஞ்சினின் மேல்பாதியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். ரொம்ப வற்புறுத்தினால், "மேல எவன் வேணா ஆட்டம் போடுவான். கீழ தாங்கணும்ல?" என்பார்.

நாலு ராடும் ஒரே எடை இருக்க வேண்டும். அதற்குச் சமையலறைத் தராசு கொட்டகைக்குப் போய்விடும். ஒரு சிட்டிகை உப்பளவு கூடினாலும் உட்கார்ந்து அரத்தால் ராவுவார். கிராங்கில் எண்ணெய் போகும் துளைகளைச் சின்னச் சின்ன பிரஷ் விட்டுக் கழுவி, ஊதி, டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி கழுவுவார். "பெத்த பொண்ண ஒருநாள் இப்படிக் குளிப்பாட்டியிருக்கீங்களா?" என்று மனைவி கேட்டதற்கு, நியாயமாக யோசித்துவிட்டு, "இல்ல" என்றார். ஒருமுறை முடுக்கிக் கழற்றிய போல்ட்டை மறுமுறை போட மாட்டார். இழுபட்டது இழுபட்டதுதானாம். அதனால் அந்த வீட்டில் துண்டு, பை, சல்லடை, காலண்டர் எல்லாம் கார் போல்ட்டில்தான் தொங்குகின்றன. இத்தனைக்கும் சொந்தக் காரை ஓட்டும்போது சைக்கிள்காரன் மணியடித்து வழி கேட்பான்.

ஜன்னலோரம் ஒரு பழைய எஞ்சின் கூடு இருக்கிறது. பக்கவாட்டில் உள்ளங்கை அகல ஓட்டை. அதில் மண் போட்டு மனைவி ஒரு கொடி வளர்க்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறாவது போல்ட் அறுந்து, ராடு கூட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்த இடம் அது. கொதிக்கும் எண்ணெய் கொட்டி ஓட்டினவர் கால் வெந்துபோனது. யார் கேட்டாலும் மறைக்க மாட்டார். "அன்னிக்கு அஞ்சு முடுக்கிட்டுத் தண்ணி குடிக்கப் போனேன். வந்து ஏழுலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். யாரும் கூப்பிடல. நானாதான் போனேன்." அந்த வாரம்தான் மனைவியை எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டார். கால் வெந்த மனுஷன் இன்றுவரை இவரிடம்தான் வருகிறார். "ஒரு தடவ பட்டவரு. இனிமே விட மாட்டாரு" என்பது அவர் கணக்கு.

ஊரார் எஞ்சின் பத்து நாளில் அவரவர் கைக்குப் போய்விடும். மகளுடையது ஒன்றரை மாதமாக ஸ்டாண்டில் கவிழ்ந்து கிடக்கிறது. மூன்று முறை முடுக்கி, இரண்டு முறை கழற்றியாயிற்று. சல்லடைக்குப் பக்கத்தில் மாட்டப் பதினாறு போல்ட் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மாட்ட ஆள்தான் இல்லை. நாளை மறுநாள் காலை அவளுடைய முதல் பந்தயம். எஞ்சின் இன்றைக்கே காரில் ஏறியாக வேண்டும்.

ஹெல்மெட்டோடு உள்ளே வந்த மகள் அதை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சள் எங்கப்பா?"

"பாக்கணும்." அவர் கையில் கழற்றுகிற ஸ்பானர்.

"மறுபடியுமா? ஊருக்கெல்லாம் எட்டாயிரம், வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் பாக்கணுமா?"

"உன் வண்டி வேற."

"என்ன வேற? அதே எட்டு போல்ட்தானே?"

அவருக்குப் பயம். மனைவிக்கு அது தெரியும். அவளுக்கும் அதே பயம்தான், இந்த ஒன்றரை மாதமாக வெங்காயத்தின் பேரைச் சொல்லி அழுதுகொண்டிருக்கிறாள். ஆனாலும் கத்தியை வைத்துவிட்டு, பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றாள்.

"ஏங்க, எட்டுக்கும் நான் பதில் சொன்னேன். என்னையுமா நம்பல?"

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். பெயிண்ட் டப்பாவைத் திறக்க மூன்று முறை முயன்றார். கடைசியில் அவள்தான் திறந்து கொடுத்தாள்.

"ஒண்ணு." "ஒண்ணு." புள்ளி விழுந்தது. ஐந்து வரை தடையில்லை. ஆறில் பிரஷ் அந்தரத்தில் நின்றது.

"ஆறு" என்றாள் மனைவி, அவர் சொல்லாமலேயே. பிரஷ் நகரவில்லை. "ஆறுங்க!"

அளவு ஸ்பானரை எடுத்து ஆறாவதில் மாட்டி அழுத்தினார். 'டக்'. போல்ட் அசையவில்லை. ஆறாவது புள்ளியை வைத்தார். பிறகு ஏழு, எட்டு.

மகள் பெருமூச்சு விட்டு ஹெல்மெட்டை எடுக்கக் கை நீட்டினாள். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தாடைப் பட்டையைக் கொக்கியில் மாட்டி, பலம்கொண்டமட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிரஷ்ஷில் மிச்சமிருந்த மஞ்சளைக் கொக்கியின்மேல் ஒரு புள்ளியாக வைத்தார்.

"ஒம்போது" என்றார். பதிலுக்காக மனைவியைப் பார்த்தபடி நின்றார்.