பன்னிரண்டு நிமிஷம் குறைகிறது

தையல் ஆலையில் அவளுக்குக் காலர் அக்கா என்று பெயர். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதே ஆலையில் ஒருவருக்கு ஸ்டாப்வாட்சும் கையுமாகத் தையல்காரிகளின் முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான் உத்தியோகம். ஒரு காலருக்கு எத்தனை விநாடி, ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டே போவார். அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். ஒருநாள் அவள் பின்னால் நின்று முப்பத்தெட்டு விநாடி என்று எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் எல்லோருக்கும் முப்பத்தெட்டு விநாடிதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வரிசை மொத்தமும் அவளைக் கரித்துக் கொட்டியது.

அவள் நேரே போய்ச் சண்டை பிடித்தாள். "நாப்பத்தஞ்சுன்னு எழுதினா உங்க வாட்ச் என்ன வெடிச்சா போயிடும்?"

"முப்பத்தெட்டு ஆச்சு. முப்பத்தெட்டுன்னு எழுதினேன்."

இந்த மனுஷனைத்தான் அடுத்த வருஷம் அவள் கட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

அவருடைய ஐம்பத்தைந்தாவது வயதில் நரம்பு நோய் வந்தது. முதலில் கால்கள் போயின. பிறகு வலது கை. ஆலை அவரை அனுப்பிவிட்டது, அரசாங்கம் இயலாமை ஓய்வூதியம் கொடுத்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அவளும் வேலையை விட்டாள். அன்றைக்கு அவளுக்கு இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். ஓய்வூதியத்துக்கு இருபத்தைந்து வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மனுஷன் கட்டிலில் கிடக்கும்போது காலர் தைத்துக்கொண்டிருக்க முடியுமா?

மூன்று வருஷம் கழித்துத்தான் ஓய்வூதிய ஆபீசில் மூன்றாம் கவுன்ட்டர்காரர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். பாவம், நல்ல மனுஷர்தான், ஆனால் கெட்ட சேதியைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர். "அவருக்கு அறுபது ஆனா இதே பணம் முதியோர் ஓய்வூதியம்னு பேரு மாறி வரும். ஆனா அவர் இருக்கறவரைக்கும்தான்மா. அவருக்கு அப்புறம் உங்களுக்கு ஒண்ணும் வராது. உங்க சர்வீஸ்லதான் ரெண்டு வருஷம் குறையுதே."

அவரே ஒரு வழியும் சொன்னார். நோயாளிக்கு 'இரண்டாம் நிலை' கிடைத்தால், அன்றிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் காலமும் அவளுக்குச் சர்வீஸாகச் சேரும். அதற்கு ஒரு நாளில் நூற்று எண்பது நிமிஷம் அவருக்கு உதவி தேவைப்பட வேண்டும். ஏழு நாளைக்கு எழுதி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சரி என்று ஒப்புக்கொண்டு கொடுக்க வேண்டும். குளிப்பாட்ட எத்தனை, உடுத்த எத்தனை, ஊட்ட எத்தனை என்று அந்தப் படிவத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. ராத்திரி அவர் மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் போட்ட புண்ணியவான் யாருக்கும் பெட்பேன் வைத்திருக்க மாட்டான்.

படிவத்தைக் கண்டதும் கடிகாரத்தின் முகம் மலர்ந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் விநாடி முள் ஓடும் கடிகாரத்தை மாட்டச் சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் செய்து முடிக்க, அவர் நிமிஷத்தைச் சொல்ல, அவள் எழுதினாள்.

குளிப்பாட்ட முதல் வருஷம் அரை மணி ஆகும். இப்போது பதினோரு நிமிஷம். ஒரு பக்கம் புரட்டி விரிப்பை இழுத்து, மறுபக்கம் புரட்டி முடிப்பதற்குள் அவருக்குக் குளிர்கூடத் தெரியாது. தைத்த கை அல்லவா, அதற்கு நிதானம் தெரியாது. ஒருநாள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்து பார்த்தாள். ஈர உடம்போடு அவருக்குப் பல் கிட்டித்தது. அவளால் தாங்க முடியவில்லை, சட்டென்று துடைத்துவிட்டாள்.

"பதினொண்ணு," என்றார்.

அவள் பதினாலு என்று எழுதினாள். சாயங்காலம் தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். "திருத்து."

"மூணு நிமிஷத்துல யார் குடி முழுகப் போகுது?"

"நான் சரின்னு சொல்லி அனுப்பற கணக்கு. திருத்து."

திருத்தினாள். திருத்தும்போது அவரைத் திட்டிய திட்டெல்லாம் இங்கே எழுதக்கூடியது அல்ல. ஏழு நாள் சராசரி நூற்று அறுபத்தெட்டு வந்தது.

"பன்னெண்டு நிமிஷம் குறையுதே," என்று கவுன்ட்டர்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி போடலாம். அதுக்குள்ள அவருக்கு இன்னும் முடியாம போச்சுன்னா கிடைச்சிடும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு ஒரு வியாதி. அவர் இருமினால் எட்டிப் பார்ப்பாள். தலை சாய்ந்தால் எட்டிப் பார்ப்பாள். பயந்து பார்க்கிறாளா, எதிர்பார்த்துப் பார்க்கிறாளா என்று அவளுக்கே புரியாமல் போனது.

கவுன்ட்டர்காரர் சொன்னதை அவள் அவரிடம் அப்படியே சொல்லியிருந்தாள். மறுநாள் அவள் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அவர் கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ கிளம்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை சூப்பை வைத்து, இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தாள். அந்தக் கை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். வலது கைப் பழக்கமுள்ளவர், எட்டு மாதம் சட்டையெல்லாம் சிந்திச் சிந்தி இடது கையில் சாப்பிடப் பழகியிருந்தார். அன்றைக்கு ஸ்பூனை வாங்கவில்லை.

"ஊட்டு."

நோய் இந்தக் கைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தாள். ஊட்டி முடித்துச் சமையலறைக்குப் போய் அழுதாள். அழுதுகொண்டே மனசுக்குள் மூன்று வேளைக்கும் நிமிஷத்தைக் கூட்டிப் பார்த்தாள். நூற்று எண்பதைத் தாண்டியது. உள்ளே ஏதோ குளிர்ந்தது. சீ, என்ன பிறவி நான் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் அவர் இடது கையால் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, கை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் என்ன கூத்து இது?"

"பொய்யா எழுத மாட்டேன். நீ ஊட்டினா அது நெசமான நிமிஷம். எழுதிக்கலாம்."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஸ்பூனை அந்தக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை, திணிக்கவுமில்லை. ராத்திரியும் ஊட்டினாள். மறுநாளிலிருந்து அவர் பேப்பரையும் தொடவில்லை. கையை எதற்காவது பயன்படுத்துகிறாரா என்று கேட்பார்களே, அதற்கும் நெசமான பதில் வேண்டுமாம். போர்வைக்குள் போட்டுக்கொண்டார். மூக்கு அரித்தால்கூட அவளைக் கூப்பிட்டார்.

ஆறு மாதம் முடிந்து மறுபடி போட்டதற்கு, இந்த முறை வீட்டுக்கே ஒரு பெண் அதிகாரி வந்தாள். சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். "ஐயா, நீங்களா சாப்பிடுவீங்களா?"

"ஆறு மாசமா இல்லம்மா. இவதான் ஊட்டறா."

அதிகாரி டிக் அடித்துக்கொண்டாள். கடிகாரம் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவளுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஐந்து வாரத்தில் கடிதம் வந்தது. இரண்டாம் நிலை. அவளுடைய சர்வீஸ் அந்த மாதம் முதல் தேதியிலிருந்து மறுபடி ஓடும். கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். பிறகு சூப்பைச் சுடவைத்து எடுத்து வந்து, போர்வையை விலக்கி, ஸ்பூனை அந்த இடது கையில் வைத்தாள்.

"கூத்து முடிஞ்சது. அய்யா இனிமே தானா சாப்பிடணும்."

ஸ்பூன் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். விரல்களை அவளே மடக்கிவிட்டாள். கையை எடுத்ததும் அவை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. வேண்டுமென்றே செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அவர் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது, முழு மூச்சாக முயற்சி செய்துகொண்டிருந்தார்.

"விடு," என்றார். "வராது."

"ஏன் வராது? கொஞ்ச நாள் சும்மா இருந்த கை. பழகினா வரும். பிசியோவைக் கூப்பிடறேன்."

"அவர்தான் சொன்னாரு. இந்த நோயில எதைச் செய்யறத விடறோமோ, அது திரும்ப வராதுன்னு."

"எப்போ சொன்னாரு?"

"நீ அந்தப் பன்னெண்டு நிமிஷத்தைக் கேட்டுட்டு வந்தியே, அதுக்கு மறுநாள். நீ மருந்து வாங்கப் போயிருந்தே."

இந்த மனுஷன் தெரிந்தே செய்திருக்கிறார். இருந்த ஒரு கையையும் அவளுக்காக எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதமாக வாயைத் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய வேதனை, தெரிந்திருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது உடனே பதில் வராததுதான்.

"இன்னும் ரெண்டு வருஷம்தானே?" என்றார் அவர். "எப்படியாவது இருந்துடறேன்."

"வாய மூடுங்க."

மூடிக்கொண்டார். சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

"தொறங்க," என்றாள்.