வாடகைக் காருக்கு என்ன நட்சத்திரம்?

அடியார்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கோயிலில்கூடக் கடைசி வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறவள். பெரியவர்கள் எழுதுகிற இந்தக் கோயில் மலரில் நான் எழுதலாமா என்று நூறு முறை யோசித்தேன். ஆனால் முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது!

2005ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்குப் பொல்லாத காலம். என் கணவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதை நெருங்குகிறவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? போன இடமெல்லாம் பிறகு சொல்கிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை. ஊரெல்லாம் பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்கவைத்துத் திரிந்த மனிதர் வாய் மூடிப்போனார். காலையில் சவரம் செய்து, சட்டை போட்டு, போவதற்கு இடமில்லாமல் கதிரையில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. நான் பள்ளிக்கூடச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே அழுவேன். 'முருகா, இவருக்கு ஒரு வேலை கொடு. உன் வாசலில் என் கையால் பொங்கி அடியார்களுக்குக் கொடுக்கிறேன்' என்று நேர்த்தி வைத்தேன்.

கேட்டது கிடைத்தது. பஸ் ஓட்டும் வேலை! கார்த்திகை மாதத்து ஒரு திங்கட்கிழமை தொடங்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சாரதி அனுமதிப்பத்திரம், அதுதான் லைசன்ஸ், சுத்தமாக இருக்க வேண்டும். அதில் பெரிய குற்றம் ஏதும் பதிந்தால் வேலை இல்லை.

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நேர்த்தியை முடிக்கப் புறப்பட்டோம். ஒரு பெரிய கிடாரம் நிறையச் சர்க்கரைப் பொங்கல், நாங்கள் சொல்கிற புக்கை, ஒரு பெரிய சட்டி கடலை. நகரத்தின் தெற்கே மிச்சம் என்ற எங்கள் இடத்திலிருந்து வடக்கே ஆர்ச்வே முருகன் கோயில் வரைக்கும் அதை ரெயினில் தூக்கிக்கொண்டு போவது எப்படி? எங்கள் கார் பழுதாகிக் கராஜில் நின்றது. லூயிஷாமில் இருக்கும் என் தம்பி சிவநேசன் தன் காரும் திருத்தத்தில் நின்றதால் ஒரு கிழமைக்கு ஒரு கார் வாடகைக்கு எடுத்திருந்தான். அவனே முதல்நாள் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டான்.

"புத்தம்புதுக் கார் அக்கா. சீற்றின்ர வாசம்கூடப் போகேல்லை. அத்தான் ஓடட்டும்" என்று கார்த் திறப்பைக் கையில் தந்துவிட்டுப் போனான்.

எங்கள் ஆட்கள் இப்படித்தான். தம்பியின் கார் என்றால் எங்கள் கார். தம்பி வாடகைக்கு எடுத்தாலும் அது எங்கள் கார்தான். ஒருவரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

ஆனால் கார் புறப்பட்டதும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது.

"இஞ்சருங்கோ, இந்தக் காருக்கு உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கோ?" என்று கேட்டேன்.

"என்ரது புல் கொம்ப். முழுக் காப்புறுதி. எந்தக் காரையும் ஓடலாம். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

"வாடகைக் காரையுமோ?"

"உமக்கு லைசன்ஸும் இல்லை, கேள்விக்கு மட்டும் குறைச்சலில்லை. கிடாரத்தைப் பிடியும், புக்கை ஊத்துப்படப்போகுது!"

வேலை கிடைத்த சந்தோசத்தில் பழையபடி பகிடி விடுகிறார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாயை மூடினேன். கிடாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணையும் மூடினேன். 'முருகா, நான் வீணாகப் பயப்பட்டால் என் மனத்தை அடக்கு. இவர் நினைப்பது பிழையென்றால், என் சொல்லைக் கேட்கமாட்டார், வேறு யாருடைய வாயாலாவது சொல்லு' என்று வழியெல்லாம் மன்றாடினேன்.

அடியார்களே, பத்து நிமிடமென்றாலும் உண்மையாக மன்றாடிப் பாருங்கள். அவன் எப்படிப் பதில் சொல்கிறான் என்று பாருங்கள்!

கோயிலுக்குக் கிட்ட ஒரு குடும்பம் புதுக்கார் வாங்கிப் பூசைக்கு நிறுத்தியிருந்தது. குருக்கள் ஐயா அதற்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, காரை உருட்டி நசித்து முடித்த நேரம் பார்த்து நாங்கள் பின்னால் போய் நின்றோம். எங்கள் காரும் பளபளவென்று இருந்தது. ஐயா தட்டோடு நேரே எங்களிடம் வந்தார்.

"இதுவும் புதுசோ? நல்லது, நல்லது. கார் ஆரின்ர பேரில? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

இவர் தலையைச் சொறிந்தார். "மச்சான்ர பேரில ஐயா. இல்லை... அவரும் வாடகைக்குத்தான் எடுத்தவர்."

"அப்ப கொம்பனியின்ர கார்!" ஐயா சிரித்துவிட்டார். "கொம்பனிக்கு என்ன நட்சத்திரம் எண்டு நான் அர்ச்சனை செய்யிறது?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றவர் புதுக்காருக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். மலேசியத் தமிழர். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவர் என்று பிறகு அறிந்தோம். மெதுவாகக் கிட்ட வந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வாடகைக்கு எடுத்தப்ப உங்க பேரையும் டிரைவர்னு கொடுத்தாங்களா?"

"இல்லை. எனக்குப் புல் கொம்ப் இருக்கு."

"ஆமா, நெறைய பேர் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு ஓட்டுறாங்க. அது உங்க காருக்கு. வேற ஆளோட சொந்தக் காரை ஓட்ட சில பாலிசியில கொஞ்சம் இடம் இருக்கும், அதுவும் நீங்க இடிச்ச அடுத்தவங்களுக்கு மட்டும். வாடகைக் காருக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. வாடகைக் கம்பெனியோட இன்சூரன்ஸ் அவங்ககிட்ட பேர் கொடுத்தவங்களுக்கு மட்டும்தான். உங்க பேர் இல்லைன்னா நீங்க இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டிட்டு வந்திருக்கீங்க அண்ணே. போலீஸ் பிடிச்சா லைசன்ஸ்ல ஏறிடும்."

லைசன்ஸ்! நாளைக்கு வேலை. நாளைக்கு! இவர் உடனே கைத்தொலைபேசியை எடுத்துத் தம்பியை அழைத்தார். தம்பி வாடகைக் கம்பனியைக் கேட்டுவிட்டுத் திருப்பி அழைத்தான். அவன் கத்தியது எனக்கும் கேட்டது.

"அத்தான், திறப்பைத் தொடாதேங்கோ! என்ர பேர் மட்டும்தானாம். வேற ஆர் ஓடினாலும் கவர் இல்லையாம். உங்கட இன்சூரன்ஸ்காரரையும் கேட்டுப் பாருங்கோ."

அவர்களையும் கேட்டார். வாடகைக் காருக்குச் செல்லாது என்று அவர்களும் சொன்னார்கள்.

"நான் ரெயினில வாறன். எனக்கும் புக்கை வையுங்கோ" என்றான் தம்பி.

நான் நேரே உள்ளே ஓடினேன். கடைசி வரிசையில் நிற்கவில்லை. முன்னுக்குப் போய் நின்று, எல்லோருக்கும் கேட்க "முருகா!" என்று கூப்பிட்டேன். நான் கேட்டபடியே, ஒரு வாயால் இல்லை, இரண்டு வாயால் சொன்னான்! குருக்கள் ஐயா நட்சத்திரம் கேட்டிராவிட்டால் அந்த மனிதருக்கு எங்கள் விசயம் எப்படித் தெரிந்திருக்கும்?

புக்கையும் கடலையும் என் கையாலேயே கொடுத்து முடித்தேன். அந்த மலேசிய ஐயா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பின்னேரம் தம்பி காரை ஓட்டினான். இவர் பின் சீற்றில் வெறும் கிடாரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றைக் கடந்து கொஞ்சத் தூரம் வந்திருப்போம். பொலிஸ்காரர்கள் வீதியை மறித்துக் கார்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எங்களையும் நிறுத்தினார்கள்.

ஒரு பெண் பொலிஸ் வந்து, யாருடைய கார், யார் ஓட்டலாம் என்று கேட்டார். தம்பி, வாடகைக் கார், என் பெயரில் எடுத்தது என்று சொல்லி லைசன்ஸைக் கொடுத்தான். அவர் தன் வயர்லெஸ்ஸில் பேசி விசாரித்தார். எல்லாம் சரி என்றார். பிறகு இவருடைய மடியைப் பார்த்து, அந்தப் பெரிய பானை எதற்கு என்று கேட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறவாத நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில், கோயில், கடவுளுக்கு நன்றி என்றேன். அவர் சிரித்துக் கையைக் காட்டிப் போகவிட்டார்.

கார் நகர்ந்ததும் இவர் கிடாரத்துக்குள் முகத்தை வைத்து அழுதார்.

"அத்தான், கிடாரத்தை இனிக் கழுவத் தேவையில்லை" என்றான் தம்பி. அழுதபடியே சிரித்தார்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் குறைந்துவிட்டது. மனதில் பட்டதைக் கேட்கிறேன். இவரும் என் கேள்விக்குப் பகிடி விடுவதில்லை, விட்டாலும் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார். எங்கள் வீட்டில் யாராவது வாடகைக்குக் கார் எடுத்தால் ஓட்டப்போகிற எல்லோருடைய பெயரையும் முதலிலேயே கொடுத்துவிடுகிறோம்.

அன்பான அடியார்களே, உங்கள் நெஞ்சுக்குள் ஏதாவது உறுத்தினால் தள்ளிவிடாதீர்கள். முருகனிடம் கேளுங்கள். வாடகைக் கம்பனியிடமும் கேளுங்கள். எந்த வாயால் பதில் வருமென்று நமக்குத் தெரியாது. ஆனால் வரும். எனக்கு வந்தது!

அடுத்த நாள் திங்கட்கிழமை. மழை பெய்தது. இவர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு ட்ராம் ஏறி வேலைக்குப் போனார்.