பின்னாலிருந்து வந்த ஸ்பேனர்

இது என் அக்காவுக்கு நடந்தது. கதை கட்டுகிற ஆள் இல்லை அவள். பேய்ப் படம் போட்டால் பாதியிலேயே குறட்டை விடுவாள். அப்படிப்பட்டவள் அந்த ஷெட்டுக்குள் இன்றுவரை தனியாகக் கால் வைப்பதில்லை.

மேஜை நாற்காலிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிப்பது அவள் தொழில். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். உள்ளே ஒரு பழைய கம்ப்ரஸர், அவள் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், யாரிடமோ மலிவாக வாங்கிப் போட்டது. அன்று மோட்டார் ஓடியது, ஆனால் டேங்கில் காற்று ஏறவில்லை. மறுநாள் ஒரு ஓட்டலுக்கு நாற்காலிகள் போயாக வேண்டும். அத்தானோ காலையில் போட்ட சண்டையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று இறங்கினாள்.

மதியம் மூன்று மணி. சுள்ளென்று வெயில். முதலில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். டேங்கில் மிச்சமிருந்த காற்றைத் திறந்துவிட்டாள். பெல்ட்டை மூடியிருந்த கம்பி வலையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மேலே ஹெட்டைத் திறந்தால், வால்வுத் தகடு இரண்டாக உடைந்து கிடந்தது. கைவசம் இருந்த புதுத் தகடும் கேஸ்கட்டும் வைத்து மூடினாள்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். சரக்... சரக்...

"வந்துட்டீங்களா? அந்தப் பதினாலு ஸ்பேனரக் குடுங்க."

பதில் இல்லை. நீட்டிய கையில் ஸ்பேனர் வந்தது. மனுஷனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேனர் மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது. அந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே...

போல்ட்டுகளை இறுக்கினாள்.

"துணி," என்றாள். வந்தது. சொதசொதவென்று ஈரமாக.

பிடரிக்குப் பின்னால் மூச்சு. உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும். வெளியே விடுகிற சத்தமே இல்லை.

"சுத்திப் பாரு."

கம்மிய குரல். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டியதுதான். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல்களை வைத்தாள்.

வாசலில் பைக் வந்து நின்றது.

"எங்க இருக்கே?" அத்தானின் குரல். வீட்டு முன்னாலிருந்து.

அப்படியானால்...

கையை வெடுக்கென்று இழுத்தாள்.

தடதடதட...

கம்ப்ரஸர் ஓடியது.

பிடுங்கிப் போட்ட பிளக் சுவரில் செருகியிருந்தது.

ஷெட்டில் யாரும் இல்லை.

அத்தான் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். அக்காவைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்து தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிப்பதற்குள் அவரே கேட்டார்.

"மெக்கானிக் எப்பப் போனார்?"

"எந்த மெக்கானிக்?"

"நான் போன் பண்ணப்ப எடுத்தாரே."

அவள் போன் ஷெட்டில், அவளுக்குப் பின்னால் பெஞ்சின் மேலேயே கிடந்தது. மணி அடிக்கவே இல்லை.

"என்ன... சொன்னார்?"

"'இதோ, இப்ப முடிஞ்சிடும். நீங்க மெதுவாவே வாங்க'ன்னார்."