கொஸ்மஸுக்கு ஒரு கிலோ யூரியா

கொஸ்மஸ் பூவின் விதை, விதை மாதிரியே இராது. கறுத்து, மெலிந்து, சற்று வளைந்து, வெட்டிப்போட்ட நகத்துண்டு போலக் கிடக்கும். என்னோடு அலுவலகத்தில் வேலை செய்த பண்டாரவளைச் சிங்களப் பெண் ஒருத்தி பழைய கலண்டர் தாளில் மடித்து ஒரு பிடி தந்தாள். தன்னுடைய ஊரில் அது வேலியோரமெல்லாம் தானாக முளைத்துத் தானாகப் பூக்குமாம். நல்ல மண் தேடித் திரியாதே, பசளை போடாதே, கண்டுகொள்ளாமல் விட்டால்தான் பூக்கும் என்று சொன்னாள். அப்படியொரு செடி எனக்குச் சரிவரும் என்று நினைத்தேன். அந்த நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த தமிழர் எல்லோருக்கும் ஆசை அது ஒன்றுதான். யாரும் எங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போதும்.

என் வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. கணவர் மஸ்கட்டில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து என் தம்பி இராணுவத்திடம் பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் என்னிடம் வந்து சேர்ந்திருந்தான். இருபத்துநான்கு வயது. அவனைக் கனடாவுக்கு அனுப்பித் தருவதாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஏஜென்ட் பொறுப்பெடுத்திருந்தார். அதுவரைக்கும் அவன்மேல் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்து விமானத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. அம்மாவுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

லேசான பொறுப்பு அல்ல. நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் முதலில் எங்கள் ஒழுங்கையில் சத்தம் அடங்கும். பிறகு ஜீப் வரும். வடக்கிலிருந்து புதிதாக வந்த இளம் பொடியன்களை ஏற்றிக்கொண்டு போகும். சிலர் பின்னேரமே திரும்பி வருவார்கள். சிலருடைய பெயரை அதற்குப் பிறகு யாரும் உரத்துச் சொல்ல மாட்டார்கள். அதனால் தம்பிக்கு நான் சட்டங்கள் போட்டிருந்தேன். ஐசி என்கிற அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பஸ்ஸில் தமிழில் சத்தமாகக் கதைக்கக் கூடாது. பார்சல் எதுவும் கையில் தூக்கக் கூடாது. இராணுவம் வந்தால் வாயே திறக்கக் கூடாது, நான் கதைப்பேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், அவனுக்கு ஒரு சொல்லும் வராது. அவன் எல்லாவற்றுக்கும் "ஓமக்கா" என்பான். சிறு வயதிலிருந்தே அவன் அப்படித்தான், ஓம் சொல்லிவிட்டுத் தன் எண்ணப்படி செய்வான்.

மண்ணுக்குத்தான் முதலில் பாடுபட்டேன். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஃபிளாட்டின் காவலாளியைக் கேட்டு, மணலும் மண்ணுமாகக் கிடந்த குவியலிலிருந்து இரண்டு சொப்பிங் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். ஒழுங்கை முகப்பிலிருந்த சென்றி என்ற சோதனைச்சாவடியில் மறித்தார்கள். மண் என்றேன். மண்ணை எதற்கு மாடிக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டார்கள். பூச்செடிக்கு என்றேன். ஒருவன் இரண்டு பையையும் நடைபாதையில் கொட்டச் சொல்லி, கம்பியால் கிண்டிக் கிண்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். நான் குந்தியிருந்து கையால் மண்ணை வழித்து மறுபடி பையில் போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் விதையும் வேண்டாம், பூவும் வேண்டாம் என்று கடலில் எறிந்திருப்பேன். ஆனால் வீட்டில் தம்பி பெயின்ற் வாளிகளின் அடியில் துளை போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஒரு வாரத்தில் முளைத்தது. நூல் நூலான இலை. கடற்காற்றுக்குப் பல்கனியில் அது ஆடுவதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. தம்பிக்கோ அதுதான் உலகம். எங்கள் வீட்டில் படிப்பு எனக்கு, தோட்டம் அவனுக்கு. எங்களைப் பெற்ற ஐயாவோடு வெங்காயமும் மிளகாயும் வைத்து வளர்ந்தவன். கொழும்பில் அவனுக்கு ஏஜென்ட் கூப்பிடும் நாளைத் தவிர வெளியே வேலை இல்லை. நாள் முழுக்க அந்த ஆறு வாளிகளுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பான்.

"அக்கா, கண்டு மஞ்சளிக்குது. பசியில நிக்குது."

"அது அப்பிடித்தான். பசளை போடக்கூடாதெண்டு தந்தவளே சொன்னவள்."

"கண்டைப் பசியில விட்டிட்டு நாங்கள் எப்பிடிச் சோறு தின்னுறது?"

நான் சிரித்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏஜென்டைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனான். பயண நாள் நெருங்கிவிட்டது, இரண்டு வாரத்துக்குள் கூப்பிடுவேன் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் கொச்சிக்கடைத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினானாம். நாங்கள் சைவர்கள், ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போகாத தமிழர் கொழும்பில் குறைவு. நான் வேலை முடிந்து வரும்போது வீட்டில் இருந்தான். முகம் பூரித்திருந்தது. சமையல் மேசையில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே வெள்ளைக் குறுணி.

"அக்கா, யூரியா! ஒரு கிலோ! கேட்டவுடனை சீனி நிறுக்கிற மாதிரி நிறுத்துத் தாறான். ஐசி கூடக் கேக்கேல்லை!"

அங்கேயே கதிரையில் உட்கார்ந்தேன்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் வருஷக்கணக்காக யூரியாவுக்குத் தடை. குண்டு செய்ய உதவும் என்று பற்றரி, சீமெந்து, எரிபொருள் என்பவற்றோடு அதையும் தடுத்திருந்தார்கள். ஐயாவின் வெங்காயம் மஞ்சளித்துச் சுருண்டு போவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் அவன். ஆகவே அவனுடைய கணக்கு நேரானது. அங்கே தடை, ஆகவே வைத்திருக்கக் கூடாது. இங்கே கடையில் நிறுத்து விற்கிறார்கள், ஆகவே வைத்திருக்கலாம். கொழும்பில் கடைக்காரன் விற்பது வேறு, நாங்கள் வைத்திருப்பது வேறு என்பது அவனுக்கு யார் சொல்லித் தெரியும்? தென்னங்கன்றுக்கென்று ஒரு சிங்களவர் அதை மூட்டையாகவே வாங்கலாம். யாழ்ப்பாண அடையாள அட்டை வைத்திருக்கும் இளைஞன் வாங்கி வெள்ளவத்தை மாடியில் வைத்திருந்தால் அது பசளை அல்ல.

"உனக்கென்ன விசரா? இதோடை சென்றியைத் தாண்டி எப்பிடி வந்தனீ?"

"மழையக்கா. ஒருத்தரும் வெளியில நிக்கேல்லை."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று திட்டினேன். இன்னும் மோசமாகவும் திட்டினேன். அவன் பையைப் பார்த்தபடி நின்றான். என்ன செய்வது என்று இருவரும் யோசித்தோம். குப்பையில் போட முடியாது, மாநகரசபை வண்டி ஏற்றுவதற்கு முன் சென்றிக்காரர்கள் பைகளைக் குத்திப் பார்ப்பார்கள். கடலில் கொட்டலாம் என்றான். தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரையில் நின்று ஒரு தமிழ்ப் பொடியன் வெள்ளைத் தூளைக் கொட்டினால் அங்கே கடற்படை சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? கடைசியில் தண்ணீரில் கரைத்துக் குளியலறைத் துவாரத்தில் ஊற்றுவது என்று முடிவு செய்தோம். பாதியை நானே கரைத்து ஊற்றினேன், அதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மிச்சத்தைக் காலையில் ஊற்று என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

அவன் ஊற்றினான். குளியலறையில் அல்ல, வாளிகளில். "சாக்கடைக்குக் குடுக்க மனம் வரேல்லையக்கா" என்றான். வெள்ளிக்கிழமைக்குள் இலை நுனியெல்லாம் நெருப்புப் பட்டதுபோலக் கருகி விட்டது. நடுத்தண்டு மட்டும் கறுப்பாகத் தெரியுமளவுக்குக் கரும்பச்சையாக நின்றது. "அளவு மிஞ்சிப்போச்சு" என்று தலையில் கை வைத்தான். செத்தாலும் பரவாயில்லை, சாமான் கரைந்து போய்விட்டதே என்று நான் ஆறுதலாக மூச்சு விட்டேன். பையைக் கழுவி வெட்டி எறிந்தேன். அன்றிரவு வானொலியில் நகரத்துக்குள் குண்டு வெடித்த செய்தி வந்தது.

ஞாயிறு காலை ஒழுங்கையின் இரு பக்கமும் அடைத்துவிட்டு மாடி மாடியாக ஏறி வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு அதிகாரியும் மூன்று சிப்பாய்களும் வந்தார்கள். அதிகாரி வரவேற்பறையில் நின்று அட்டைகளைப் பார்த்தார். "மல்லி, எந்த ஊர்?" என்று தம்பியைக் கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். வெளிநாடு போக இருக்கிறான் என்றேன், பொலிஸ் பதிவைக் காட்டினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைத் தூக்கினார்கள், அரிசி டின்னுக்குள் கைவிட்டார்கள். ஒன்றும் இல்லை. அதிகாரி அட்டைகளைத் திருப்பித் தரக் கையை நீட்டிவிட்டார்.

சிப்பாய்களில் ஒருவன் பல்கனிக்குப் போயிருந்தான். தம்பியின் வயதுதான் இருக்கும். வெயிலில் காய்ந்த கழுத்து, தோட்டத்தில் நின்றவனுடைய கழுத்து. குனிந்து ஒரு வாளியிலிருந்த கருகிய இலையை விரலில் எடுத்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, யாரிடம் என்றில்லாமல் சிங்களத்தில், "அடடா, யூரியா கூடிப்போச்சே" என்றான்.

அதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. பக்கத்துக் காணிக்காரன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னான். யூரியா எல்லா மொழியிலும் யூரியாதான். மூன்று மாதமாகத் தோட்டத்தைப் பற்றி என்னைத் தவிர ஒருவரோடும் கதைக்காத என் தம்பி, அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் தலையை ஆட்டினான்.

"ஓம். கூடிப்போச்சு" என்று சிரித்தான். அந்தச் சிப்பாயும் சிரித்தான்.

"யூரியாவா?" என்றார் அதிகாரி.

சிப்பாயின் முகம் செத்துவிட்டது. பூச்செடி சேர், வெறும் பூச்செடி என்று சொல்லிப் பார்த்தான். அதிகாரி பல்கனிக்கு வந்து மண்ணைக் கிள்ளி மோந்தார். கடற்காற்றின் உப்புக்குத்தான் கருகியது என்று நான் இடையில் விழுந்தேன். உன்னைக் கேட்கவில்லை என்றார். எவ்வளவு வாங்கினாய் என்று அவனைக் கேட்டார். அதைத் தமிழில் அவனுக்குச் சொன்னேன். நான் கால் கிலோ என்று சொல்ல வாயெடுக்கும்போதே அவன் ஒரு விரலைக் காட்டிவிட்டான். மிச்சம் எங்கே? கரைத்து ஊற்றிவிட்டோம் என்றேன். அப்போது அவர் அமைதியாக, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நல்ல சாமான். ஏன் ஊற்றினீர்கள்?"

உங்களுக்குப் பயந்து என்பதுதான் பதில். அதை எந்த மொழியில் சொன்னாலும் குற்றவாளியின் பதிலாகத்தான் கேட்கும். தம்பி என் முகத்தைப் பார்த்தான், அக்கா ஏதாவது சொல்லுவாள் என்று. அவனை அழைத்துக்கொண்டு இறங்கும்போது சேர்ட்டை மாற்றவும் விடவில்லை.

அன்று ஒழுங்கையில் பிடித்த மற்றவர்கள் பின்னேரமே வந்துவிட்டார்கள். இவன் வரவில்லை. ஏஜென்ட் சொன்ன நாள் வந்தது, அவனுடைய இடத்தில் வேறொருவன் பறந்தான். நான் வக்கீல் வீட்டுக்கும் தடுப்பு முகாம் வாசலுக்குமாக ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தேன். அம்மா எழுதிய கடிதங்களுக்கு, அவன் சுகமாக இருக்கிறான், விசா தாமதம் என்று பொய் எழுதினேன். ஒருநாள் வழக்கு எதுவும் இல்லை என்று விட்டார்கள். இடது கையை முழுதாக நீட்ட அவனால் முடியவில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்டேன், அவன் சொல்லவில்லை, பிறகு நான் கேட்கவும் இல்லை.

வேறு ஏஜென்ட் பார்க்கலாம் என்றேன். அவன் ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்றான். அங்கே என்ன இருக்கிறது, யார் யாருடைய துவக்குகளுக்கு நடுவில் போய் நிற்கப் போகிறாய் என்று கத்தினேன். அழுதேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அங்கை என்னத்தை வச்சிருக்கக் கூடாதெண்டு எனக்குத் தெரியும் அக்கா. இங்கை எல்லாத்தையும் கடையில விக்கிறாங்கள். எதை வாங்கக் கூடாதெண்டு எனக்குப் பிடிபடேல்லை."

அவனைத் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பன்னிரண்டு வருஷம் கொழும்பில் இருந்தவள் நான், இந்த ஊரின் நெளிவு சுளிவெல்லாம் எனக்குத் தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தேன். சமையலறை அலுமாரியைத் திறந்தேன். உப்பு, சலவைத்தூள், டோர்ச்சுக்கு வாங்கிய பற்றரி, உடுப்புக் கொடி கட்ட வைத்திருந்த கம்பி, கணவர் மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்த அலாரம் மணிக்கூடு. எல்லாம் பகிரங்கமாகக் கடையில் விற்கிற சாமான்கள். எதை முதலில் எறிவது என்று தெரியாமல் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.